கிறீஸ் புகைந்த இறக்கம்: மவுண்டன் பைக்கின் கதையைத் திருத்துகிறவர்களின் பக்கமிருந்து வாசித்தல்

2022 இல் பெற்றோல் வரிசைகள் சந்திக்குச் சந்தி நீண்டுகிடந்த மாதங்களில், நாங்கள் நாலைந்து பேர் வீட்டுக் கொட்டில்களுக்குள் கிடந்த பழைய சைக்கிள்களை வெளியில் இழுத்தெடுத்தோம். அநேகமானவை கியர் வைத்த மவுண்டன் பைக்குகள். பள்ளிக்கூடக் காலத்தில் அடம்பிடித்து வாங்கி, பிறகு வீட்டில் ஸ்கூட்டி வந்ததும் மறந்துபோனவை. ரயர் வெடித்து, செயின் கறள் பிடித்து, கியர் வயர் இறுகிப்போய்க் கிடந்தன.

திருத்துகிற கடைக்குக் கொண்டுபோனால் அங்கேயும் வரிசை. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் சைக்கிளுக்குத் திரும்பியிருந்தது. கடை ஐயா எங்கட சைக்கிளை ஒருதரம் சுத்திப் பார்த்தார். “மவுண்டன் பைக் எண்டு வாங்கி வச்சிருக்கிறியள், எந்த மலையில ஏறப் போறியள்?” என்று கேட்டார். பதில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. எங்கட பக்கத்தில மலை எண்டா கீரிமலைதான். அதுவும் பேரில மட்டும். பிறகு அவரே சொன்னார்: “லுமாலா எண்டா கண்ணை மூடிக்கொண்டு கழட்டிப் பூட்டுவன். உந்தக் கியர் சாமானுக்கு நேரம் மினக்கெட வேணும். இஞ்ச இருங்கோ, சாவி தாறன், நீங்களே பழகுங்கோ.”

அப்படித்தான் தொடங்கியது. முதலில் அவருடைய கடை வாசலில். பிறகு எங்களில் ஒருவரின் வீட்டு முற்றத்தில், ஞாயிறு பின்னேரங்களில். பெற்றோல் திரும்பி வந்த பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. ஆனால் ஐயா கேட்ட கேள்வி மட்டும் மனதுக்குள் கிடந்தது. மலையே இல்லாத எங்கட ஒழுங்கைகளுக்குள் இந்த மலைச் சைக்கிள் எப்படி வந்தது? இதை முதலில் செய்தது ஆர்? தேடி வாசிக்கத் தொடங்கினோம். கிடைத்த கதை நாங்கள் எதிர்பார்த்த கதை இல்லை. பெரிய கொம்பனி ஒன்றின் ஆய்வுகூடத்தில் தொடங்கியிருக்கும் என்றுதான் நினைத்திருந்தோம். அது தொடங்கியது, கறுத்த கையோடு குந்தியிருந்து கிறீஸ் அடித்த ஒரு கூட்டத்தில்.

‘கண்டுபிடிப்பு’க்கு முந்திய கதைகள்

மவுண்டன் பைக்கின் ‘தந்தை’ என்று சில பெயர்களைப் பொதுவாகச் சொல்லுவினம். எல்லாம் அமெரிக்கர்கள், எல்லாம் ஆண்கள். வரலாற்றைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தால் இந்தத் தந்தைக் கணக்குப் பிழைக்கிறது. ரோட்டு இல்லாத இடத்தில் சைக்கிள் ஓட்டுவது சைக்கிள் அளவுக்கே பழசு.

1897 இல் அமெரிக்க இராணுவத்தின் 25ஆவது காலாட்படையைச் சேர்ந்த 20 கறுப்பினச் சிப்பாய்கள், மொன்டானா மாநிலத்தின் மிசூலாவிலிருந்து செயின்ற் லூயிஸ் நகர் வரை ஏறக்குறைய 1,900 மைல் சைக்கிளில் போனார்கள். குதிரைக்குப் பதிலாக சைக்கிளைப் பயன்படுத்தலாமா என்று இராணுவம் பரீட்சித்துப் பார்த்த காலம் அது. சேறும் மணலும் மலையும் தாண்டி, சாப்பாட்டையும் கூடாரத்தையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு போனவர்கள். போகிற வழியில் உடைந்ததைப் போகிற வழியிலேயே திருத்தவும் வேண்டியிருந்தது. பயணம் வெற்றிதான். ஆனால் இராணுவம் அந்தத் திட்டத்தைத் தொடரவில்லை. மவுண்டன் பைக் வரலாறு பேசுகிற பல இடங்களில் இந்தச் சிப்பாய்கள் ஒரு வரியோடு முடிந்துபோகிறார்கள்.

1950களில் பாரிஸ் புறநகரில் ஒரு சின்ன இளைஞர் கூட்டம் சைக்கிள்களை மாற்றிப் பூட்டி, கரடுமுரடான நிலத்தில் ஓட்டியது. இங்கிலாந்தில் 1955 இல் ‘றஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்’ என்ற சங்கம் உருவானது. தார் போடாத பாதைகளில் ஓட விரும்புகிறவர்களின் சங்கம். இன்றும் இயங்குகிறது.

ஆகவே ‘முதலில் செய்தது ஆர்’ என்ற கேள்வியை நாங்கள் கைவிட்டோம். அதற்குப் பதிலாக இன்னொரு கேள்வியை எடுத்துக்கொண்டோம்: இத்தனை இடத்தில் தொடங்கி அடங்கிப்போன ஒன்று, ஏன் ஓர் இடத்தில் மட்டும் பற்றிப் பிடித்து உலகம் முழுக்கப் பரவியது?

ஐந்து டொலர் சைக்கிள்

அந்த இடம் கலிபோர்னியாவின் மரீன் மாவட்டம். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, பாலத்துக்கு அந்தப் பக்கம். அங்கே 2,571 அடி உயரத்தில் தமல்பையஸ் என்றொரு மலை இருக்கிறது. பெயரில் ‘தமல்’ இருக்கே என்று எங்களுக்கும் ஒரு துள்ளல் வந்ததுதான். ஆனால் அது அந்த நிலத்தின் பூர்வகுடிகளான கோஸ்ற் மிவொக் மக்களின் மொழிச் சொல். தமிழோடு ஒரு சொந்தமும் இல்லை. எங்கட ஆக்கள் சிலருக்கு இதைச் சொல்லாமல் விடுவதுதான் பாதுகாப்பு.

1970களின் தொடக்கத்தில் அந்தப் பகுதியில் ‘வெலோ கிளப் தமல்பையஸ்’ என்ற சைக்கிள் கழகம் இருந்தது. ஒல்லி ரயர், வளைந்த ஹாண்டில் வைத்த றேஸ் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் கழகம். சார்ளி கெலி, கரி பிஷர், ஜோ பிறீஸ் மூவரும் அதில் இருந்தார்கள். றேஸ் சைக்கிள் விலையான சாமான். ஊருக்குள் போய்வர, மலைப் பாதையில் விழுந்தெழும்ப வேறொன்று தேவைப்பட்டது. லார்க்ஸ்பர் என்ற ஊரின் பொடியள் கூட்டம் ஒன்று ஏற்கெனவே பழைய சைக்கிள்களில் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து மற்றவர்களுக்கும் ஆசை பிடித்தது.

அந்தப் பழைய சைக்கிள்களின் கதையைச் சொல்லாமல் விட ஏலாது. 1933 இல், அமெரிக்கா பொருளாதார வீழ்ச்சியில் கிடந்த காலத்தில், ஷ்வின் கொம்பனி தடித்த பலூன் ரயர் வைத்த சைக்கிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பேப்பர் போடுகிற பொடியள் போட்டு அடித்தாலும் தாங்குகிற இரும்பு வண்டி. பாரம் 20 கிலோ அளவில். கியர் இல்லை. ஹாண்டிலில் பிறேக்கும் இல்லை, பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பின் சில்லு நிற்கும். 1970களில் எல்லாரும் பத்துக் கியர் சைக்கிளுக்கு மாறிவிட, இந்த வண்டிகள் குப்பை விலைக்குப் போயின. ஜோ பிறீஸ் 1973 இல் ஷ்வின் செய்த 1941ஆம் ஆண்டுச் சைக்கிள் ஒன்றை வாங்கியது ஐந்து டொலருக்கு. மட்காட், விளக்கு, அலங்காரத் தகடு எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார்கள். ‘கிளங்கர்’ என்று அதற்குப் பெயர். எங்கட பாசையில சொன்னால், தகரடப்பா.

ஏன் அந்தப் பெயர்

ஆர் வேகமானவர் என்ற வாக்குவாதத்தைத் தீர்க்க, 1976 ஒக்டோபர் 21 அன்று கெலியும் நண்பர்களும் ஒரு போட்டி வைத்தார்கள். இடம், ஃபெயார்ஃபக்ஸ் என்ற சின்ன ஊருக்கு மேற்கே பைன் மலையிலிருந்து இறங்குகிற கஸ்கேட் கன்யன் தீயணைப்புப் பாதை. காட்டுத்தீ வந்தால் வண்டி போவதற்கு வெட்டிய மண் பாதை அது. இரண்டு மைலுக்குக் கொஞ்சம் கூட. அந்தத் தூரத்துக்குள் 1,300 அடி அளவுக்கு இறக்கம். ஒருவர் பின் ஒருவராக, இரண்டு நிமிட இடைவெளியில் விட்டு, நேரம் கணக்குப் பார்த்தார்கள். முதல் போட்டியில் வென்றவர் அலன் பொண்ட்ஸ். பிற்பாடு கரி பிஷர் 4 நிமிடம் 22 செக்கனில் இறங்கியது அந்தப் பாதையின் சாதனையாக நின்றது. ஜோ பிறீஸின் நேரம் 4 நிமிடம் 24 செக்கன். 1984 வரை மொத்தம் 24 போட்டிகள்தான் நடந்தன.

அந்தப் பாதைக்கும் போட்டிக்கும் அவர்கள் வைத்த பெயர் ‘ரீபக்’. திருப்பி அடைத்தல் என்று அர்த்தம். எதை அடைப்பது? கிறீஸை.

பெடலைப் பின்னுக்கு மிதித்து நிற்பாட்டுகிற அந்தப் பிறேக், பின் சில்லின் நடுக்குடத்துக்குள் இருக்கும். மிதிக்கும்போது உள்ளே இருக்கிற பிறேக் கட்டைகள் விரிந்து குடத்தின் உட்சுவரில் உரசும். உரசினால் சூடு வரும். சமதரையில் ஒருதரம் மிதித்து விடுகிற சூடு பெரிசில்லை, காற்றிலேயே ஆறிப்போகும். ஆனால் 1,300 அடி இறக்கம் முழுக்க மிதித்துக்கொண்டே வந்தால், குடத்துக்குள் இருக்கிற கிறீஸ் உருகி, கொதித்து, புகையாகப் போய்விடும். கீழே வந்து சேரும்போது சில்லிலிருந்து புகை கிளம்பும். கிறீஸ் இல்லாத குடம் அடுத்த ஓட்டத்தைத் தாங்காது. ஆகவே ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் குடத்தைக் கழற்றி, துடைத்து, புதுக் கிறீஸை அடைத்துப் பூட்ட வேண்டும்.

இந்த இடத்தில்தான் நாங்கள் வாசிப்பதை நிற்பாட்டி ஆளையாள் பார்த்தோம். உலகத்தின் மிகப் பெயர்பெற்ற மவுண்டன் பைக் போட்டி, வென்றவரின் பெயரால் அழைக்கப்படவில்லை. மலையின் பெயராலும் இல்லை. ஓட்டம் முடிந்த பிறகு குந்தியிருந்து செய்கிற வேலையின் பெயரால் அழைக்கப்பட்டது. பந்தயம் நாலரை நிமிடம், திருத்தவேலை ஒரு பின்னேரம். ஒரு கூட்டம் கூட்டமாக இறுகியது அந்தப் பின்னேரங்களில் என்றுதான் நாங்கள் விளங்கிக்கொள்கிறோம். சேர்ந்து ஓடுகிறபோது ஒருத்தரை ஒருத்தர் முந்தத்தான் பார்ப்பம். சாவி ஒன்று, ஆக்கள் நாலு பேர் என்றால்தான் கதைக்க வேண்டி வரும்.

பார்த்துச் செய்தது

பெடல் பிறேக்கும் ஒற்றைக் கியரும் வைத்து இறங்கலாம், ஏற ஏலாது. தள்ளிக்கொண்டு ஏற வேண்டும், அல்லது ஏத்திவிட ஒரு வாகனம் வேண்டும். இதற்கான விடை மரீனில் பிறக்கவில்லை. 1974 டிசம்பர் 1 அன்று மில் வாலியில் நடந்த ஒரு சைக்கிளோகுறொஸ் போட்டிக்கு, தெற்கே குப்பர்ட்டினோ நகரத்திலிருந்து ‘மொறோ டேர்ட் கிளப்’ என்று ஒரு கூட்டம் வந்தது. அவர்களின் தகரடப்பாக்களில் தடித்த ரயரோடு, பல கியரும், ஹாண்டிலில் விரலால் தள்ளி மாற்றுகிற கியர்க் கம்பும், டிரம் பிறேக்கும் பூட்டியிருந்தது. மரீன் ஆக்கள் அதைப் பார்த்தார்கள். அடுத்த காலத்தில் கரி பிஷர் தன்னுடைய ஷ்வினில் இரட்டைச் சைக்கிளின் டிரம் பிறேக், மோட்டார் சைக்கிளின் பிறேக் பிடி, கியர் எல்லாம் சேர்த்துப் பூட்டினார். அவருடைய வண்டியைப் பார்த்து மற்றவர்கள் பூட்டினார்கள்.

ஒவ்வொரு மாற்றமும் ஓர் உடைவிலிருந்து வந்தது. பழைய பிறேம் வெடித்தது, ஆகவே ஜோ பிறீஸ் 1977 இல் குரோமொலி உருக்குக் குழாய்களை ஒட்டி, இந்த வேலைக்கென்றே ஒரு பிறேம் செய்தார். ‘பிறீஸர்’ என்ற பெயரில் பத்துச் சைக்கிள்கள். அதில் முதலாவது இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கொலராடோ மாநிலத்தின் கிறெஸ்ரட் பியூற் என்ற சுரங்க ஊரிலும் இதேபோல ஒரு கூட்டம் தனியாக உருவாகியிருந்தது. 1976 இல் அவர்கள் தகரடப்பாக்களில் ஏறி, ஏறக்குறைய 12,700 அடி உயரமுள்ள பேர்ள் கணவாயைத் தாண்டி அஸ்பென் நகருக்குப் போனார்கள். எங்கட பிதுருதலாகல 8,281 அடி என்பதை நினைத்துக்கொள்ளுங்கோ. 1978 இல் கலிபோர்னியாக்காரர் சிலர் அந்தப் பயணத்தில் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு ஊர்க் கதைகளும் அங்கே ஒன்றாகின.

எங்கள் கேள்விக்கு இதுதான் பாதி விடை. பாரிஸிலும் கூட்டம் இருந்தது. ஆனால் மரீனில் ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைப் பார்த்தது, கேட்டது, கொப்பி அடித்தது. பார்த்துச் செய்வதை அங்கே ஆரும் களவாக எண்ணவில்லை.

படம் எடுத்தவர் யார்

இணையத்தில் ரீபக் பற்றித் தேடினால் வரும் படங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும்: ஜீன்ஸ், தடித்த சப்பாத்து, நீட்டு முடி, புழுதி. அந்தப் படங்களில் பெரும்பங்கு வெண்டி கிராக் எடுத்தவை. அவர் படம் பிடிக்க மட்டும் போனவர் இல்லை. அந்தப் பாதையில் 5 நிமிடம் 27 செக்கனில் இறங்கிய பெண்களுக்கான சாதனை அவருடையது. 1978 இல் பேர்ள் கணவாய்க்கும் போனார். அதேபோல, மவுண்டன் பைக்குக்கென்று வந்த முதல் சஞ்சிகை ‘ஃபற் ரயர் ஃப்ளையர்’. 1980 தொடக்கம் 1987 வரை வந்தது. சார்ளி கெலியின் பெயரோடுதான் அது நினைவுகூரப்படுகிறது. அதை அவரோடு சேர்ந்து தொடங்கியவர் டெனீஸ் கரமஞ்ஞோ என்ற பெண்.

‘தந்தையர்’ பட்டியலில் இவர்கள் இல்லை. ஆனால் அந்தப் படங்களும் அந்தச் சஞ்சிகையும் இல்லாவிட்டால் ‘தந்தையர்’ இருந்ததற்கே சாட்சி குறைவாகத்தான் இருந்திருக்கும். வரலாறு படிக்கிற எங்களுக்கு இது பாடப்புத்தகத்தில் படித்ததைவிட நன்றாக உறைத்தது. ஆவணம் செய்கிறவர் ஆவணத்துக்கு வெளியில் நிற்கிறார்.

இதை எழுதும்போது எங்களையும் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. எங்கட ஊரில் பெண் பிள்ளைகள் சைக்கிள் ஓடுவது புதினம் இல்லை. பள்ளிக்கூடம், ரியூசன், கம்பஸ் எல்லாம் சைக்கிளில்தான். ஆனால் எங்கட ஞாயிறு முற்றத்தில் முதல் மூன்று மாதம் சாவி பிடித்தது பொடியள் மட்டும். பெட்டையள் சைக்கிளைத் தந்துவிட்டுக் கதிரையில் இருந்தவை. ஒருநாள் எங்களில் ஒருத்தி, “நீங்கள் திருத்தித் தாறியள், பிறகு நடுவழியில செயின் கழண்டா நான் ஆரைக் கூப்பிடுறது?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தோம்: அவரவர் சைக்கிளை அவரவர்தான் கழற்ற வேண்டும். மற்றவர்கள் வாயால் மட்டும் உதவலாம்.

சந்தை வந்தது

1979 இல் கரி பிஷரும் சார்ளி கெலியும் ‘மவுண்டன்பைக்ஸ்’ என்ற பெயரில் ஒரு சின்ன வியாபாரம் தொடங்கினார்கள். பிறேம் செய்து கொடுத்தவர் ரொம் றிச்சி. அந்தப் பெயரை வணிகக்குறியாகப் பதிய எடுத்த முயற்சி பலிக்கவில்லை. பெயர் எல்லாருக்கும் பொதுவாகிப்போனது. ஐயா எங்களைக் கேட்ட கேள்வியில் இருந்த அந்தச் சொல், ஒரு தோற்றுப்போன கடையின் பெயர்.

1981 இல் ஸ்பெஷலைஸ்ட் கொம்பனி, றிச்சியின் பிறேமைப் பின்பற்றி, ஜப்பானில் தொகையாகச் செய்வித்த ‘ஸ்ரம்ப்ஜம்பர்’ சைக்கிளைக் கொண்டுவந்தது. 1982 இல் ஷிமானோ கொம்பனி மவுண்டன் பைக்குக்கென்றே ‘டியோர் எக்ஸ்ரி’ உதிரிப்பாகத் தொகுதியை வெளியிட்டது. மோட்டார் சைக்கிளிலிருந்து பிறேக் பிடி கழற்றிப் பூட்டுகிற காலம் அதோடு முடியத் தொடங்கியது. 1990 இல் கொலராடோவின் டுராங்கோவில் முதலாவது அதிகாரபூர்வ உலகச் சம்பியன்ஷிப், 1996 இல் அட்லாண்டா ஒலிம்பிக். இருபது வருடத்தில் தகரடப்பா ஒலிம்பிக்குக்குப் போய்விட்டது.

இதை ஒரு வீழ்ச்சிக் கதையாகச் சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. தொகையாகச் செய்ததால்தான் விலை இறங்கியது. விலை இறங்கியதால்தான் எங்கட ஒழுங்கை வரைக்கும் வந்தது. ஆனால் ஒன்று மாறியது. முந்தி சைக்கிள் ஓடுகிறவருக்குத் தன் சைக்கிளின் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்திருந்தது, வேறு வழியில்லாதபடியால். 1980களின் நடுப்பகுதியில் ‘கிளிக்’ என்று ஒவ்வொரு படியாக விழுகிற கியர் முறை வந்தது. பழைய கியர்க் கம்பைக் காதால் கேட்டு, கையால் உணர்ந்து சரிசெய்யலாம். புதிய முறையில் வயரின் இழுவை சரியான அளவில் இருந்தால் மட்டும் வேலை செய்யும். இல்லாவிட்டால் கடகடவென்று செயின் துள்ளும். எங்கட சைக்கிள்களில் பாதி கொட்டிலுக்குள் போனதற்குக் காரணம் இதுதான். பழுது இல்லை, வயர் நெகிழ்ந்திருந்தது. அவ்வளவுதான்.

வயர் உறை பின் கியரின் கைக்குள் நுழைகிற இடத்தில் ஒரு சின்ன உருளைத் திருகி இருக்கும். பெரிய பல்லுச் சக்கரத்துக்கு ஏற மாட்டேன் என்று செயின் அடம்பிடித்தால், அந்தத் திருகியை வெளிப்பக்கமாக, இடஞ்சுழியாக, அரைச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். வயர் இறுகும், செயின் ஏறும். நாங்கள் ஒரு பின்னேரம் முழுக்க மினக்கெட்டுக் கண்டுபிடித்த ‘இரகசியம்’ இந்த அரைச் சுற்றுத்தான்.

செயினுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. லுமாலாவோ கியர் சைக்கிளோ, இரண்டு ஆணிகளுக்கு இடைத்தூரம் அரை அங்குலம். ஆகவே 24 இடைவெளிக்குச் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அடிமட்டம் வைத்து அளந்து, அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூட வந்தால் செயின் மாற்றுகிற நேரம். எட்டில் ஒரு பங்கு கூடினால் பல்லுச் சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும். புதுச் செயின் பூட்டினாலும் வழுக்கும். எங்கட காற்றில் உப்பு, ரோட்டில் மணல். பழைய எஞ்சின் ஒயிலை ஊற்றி விட்டால் மணல் அதில் ஒட்டி அரம் மாதிரித் தேய்க்கும். முதலில் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி ஒயில் விட்டு, சுற்றி, பிறகு வெளியில் இருக்கிறதைத் திரும்பவும் துடைக்க வேண்டும். ஒயில் உள்ளே இருந்தால் போதும்.

பாதை ஆருடையது

சந்தை வந்ததோடு ஆக்களும் கூடினார்கள். தமல்பையஸ் மலையில் நடக்கிறவர்களும் குதிரையில் போகிறவர்களும் ஏற்கெனவே இருந்தார்கள். வளைவில் திடீரென்று வந்து விழுகிற சைக்கிள்காரர்களால் சண்டை வந்தது. ஒற்றையடிப் பாதைகளில் பெரும்பாலானவை சைக்கிளுக்கு மூடப்பட்டன. தீயணைப்புப் பாதைகளில் மணிக்கு 15 மைல் என்று வேகம் கட்டுப்படுத்தப்பட்டது. மவுண்டன் பைக்கின் பிறப்பிடம் என்று சொல்கிற இடத்திலேயே அதற்குப் பாதை இல்லாமல் போனது.

1988 இல் கலிபோர்னியாவின் சில கழகங்கள் சேர்ந்து சர்வதேச மவுண்டன் பைக் சங்கத்தை உருவாக்கியது இந்தச் சண்டையின் பின்னணியில்தான். ஈரப் பாதையில் ஓடாதே, நடக்கிறவருக்கு வழிவிடு, விலங்கைப் பயமுறுத்தாதே என்று விதிகள் எழுதினார்கள். மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய்ப் பாதை திருத்தவும் தொடங்கினார்கள். சைக்கிளைத் திருத்தத் தெரிந்த கூட்டம், பாதையையும் தான்தான் திருத்த வேண்டும் என்று கொஞ்சம் பிந்தித்தான் விளங்கிக்கொண்டது. எங்கட ஊர்ச் சவாரிக் கூட்டங்கள் இதை முந்தியே விளங்கிக்கொண்டால் நல்லது. காலமை ஐந்து மணிக்கு இருபது பேர் வரிசையாக ரோட்டை அடைத்துக்கொண்டு போகும்போது, மீன் பெட்டி கட்டிக்கொண்டு வருகிற ஆளுக்கும் அந்த ரோட்டுத்தான்.

எங்கட ரீபக்

2015 இல் ஃபெயார்ஃபக்ஸில் ஒரு சைக்கிள் அருங்காட்சியகம் திறந்தார்கள். அந்தத் தகரடப்பாக்கள் அங்கே சுத்தமாக நிற்கின்றன. அதைப் படத்தில் பார்த்தபோது எங்களுக்கு வந்த நினைப்பு ஜோ பிறீஸைப் பற்றி இல்லை.

1990களில் எரிபொருள் தடை இருந்த யாழ்ப்பாணத்தில், நோயாளி, விறகு, நெல்லு மூட்டை எல்லாம் சைக்கிளில் போன காலத்தை எங்கட அப்பா அம்மாக்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். மின்சாரமும் பற்றரியும் இல்லாமல், சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட வீடுகள் ஒன்றிரண்டு இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, சனம் தங்கட வாழ்க்கையைக் கட்டி உருட்டிக்கொண்டு போனது சைக்கிளில். அந்த வழியில் ரியூப் வெடித்திருக்கும், செயின் அறுந்திருக்கும், கம்பி முறிந்திருக்கும். ஆரோ ஒருவர் குந்தியிருந்து திருத்தியிருப்பார். அவர் ஆர்? எதைக் கொண்டு ஒட்டினார்?

இரண்டு கதைகளையும் சமப்படுத்த நாங்கள் விரும்பவில்லை. மரீன் பொடியள் விளையாட்டுக்காகத் தங்கள் பிறேக்கைப் புகைய வைத்தார்கள், அமெரிக்காவின் வசதியான மாவட்டம் ஒன்றில். எங்கட ஆக்கள் உயிருக்காக ஓடினார்கள். அவர்களுக்கு உடைந்தால் ஒரு பின்னேரம் போகும், இவர்களுக்கு உடைந்தால் என்ன போயிருக்கும் என்று எழுதத் தேவையில்லை. ஆனால் இருக்கிற சாமானைக் கொண்டு இல்லாததைச் செய்கிற அறிவு இரண்டு இடத்திலும் இருந்தது. ஓர் இடத்தில் அதைப் படம் பிடிக்க ஒரு வெண்டி கிராக் இருந்தார், எழுத ஒரு சஞ்சிகை இருந்தது. இன்னோர் இடத்தில் அந்த அறிவு ஒவ்வொரு கடையாகப் பூட்டப்படும்போது அதோடு சேர்ந்து போகிறது.

இந்தக் கட்டுரையை எழுதி முடிக்க முன்னர் ஐயாவிடம் போனோம். ரீபக் கதையைச் சொன்னோம். கொதித்த கிறீஸ் என்றதும் சிரித்தார். “அவை கிறீஸ் இருந்தபடியா புகைய விட்டவை. எங்களுக்கு கிறீஸே இல்லாத காலம் இருந்தது” என்றார். எழுதலாமா என்று கேட்டோம். “உதெல்லாம் என்ன எழுதுறதுக்கு” என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த சில்லைத் திருப்பிப் பூட்டத் தொடங்கினார்.

அடுத்த ஞாயிறு ஒலிப்பதிவுக் கருவியோடு அவரிடம் போகிறோம். உங்கட ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். காற்று அடிக்கப் போகும்போது இரண்டு நிமிடம் நின்று கேளுங்கோ. அவர் சொல்லுகிறதை எழுதி வையுங்கோ. போகும்போது உங்கட செயினையும் ஒருக்கா அளந்து பாருங்கோ.